கடலோர ஊரில் கழிவுநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர் நீளம். அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை, விரைவில் வரும் என்ற பேச்சும் இல்லை. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது, குழாயில் தண்ணீரும் வருகிறது. உள்ளே வரும் தண்ணீர் எப்படி வெளியே போகிறது என்பதை மட்டும் அவரவர் கொத்தனாரின் கையில் விட்டிருக்கிறோம். கிராமசபையிலும் கோயில் வாசலிலும் ஏலக்கூடத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்க்தானா என்று பாருங்கள். நான்கைந்து சிமெண்ட் உறைகளை மணலில் இறக்கி, மேலே மூடி போட்டிருந்தால் அது குழி. அடிப்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே விழும் எல்லாம் நேரே மண்ணுக்குள் போகும். "இருபது வருஷமாக நிரம்பவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். கடற்கரை மணலில் அது கவலைப்பட வேண்டிய விஷயம். நிரம்பாத தொட்டியிலிருந்து தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது.

உண்மையான செப்டிக் டேங்குக்கு அடியும் பக்கமும் நீர் கசியாமல் பூசப்பட்டிருக்கும். இரண்டு அறைகள் இருக்கும். தண்ணீர் ஒன்றிரண்டு நாள் உள்ளே அசையாமல் நிற்கும். கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறும். இவ்வளவையும் சரியாகக் கட்டினாலும் வெளியே வருவது சுத்தமான நீர் கிடையாது. கெட்டிப்பொருளில் பெரும்பகுதி நின்றுவிடும், அவ்வளவுதான். 100 மில்லிலிட்டரில் லட்சக்கணக்கான மலக்கிருமிகளோடுதான் அது வெளியே வருகிறது. செப்டிக் டேங்க் முதல் படி. இரண்டாம் படியை நாம் கட்டுவதே இல்லை.

உள்நாட்டு ஊர்களிலும் உறைக்குழிதானே இருக்கிறது? கடற்கரையில் மட்டும் ஏன் ஆகாது?

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலையைக் குழி செய்வதில்லை, குழிக்குக் கீழே இருக்கும் ஈரமில்லாத மண் செய்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணின் இடுக்குகளில் நீர் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் மண்துகளில் ஒட்டிக்கொள்கின்றன, காய்கின்றன, மற்ற நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. அதனால்தான் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டர் உலர்ந்த மண் வேண்டும் என்பது விதி.

நம் ஊரில் கோடையிலேயே ஐந்தடி தோண்டினால் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டடியில் வந்துவிடும். அந்த மண்ணில் ஐந்தடி ஆழத்துக்கு உறை இறக்கினால் கழிப்பறையை நேராகக் கிணற்றுக்குள் திறந்துவிட்ட மாதிரிதான். மணலின் இடுக்குகள் பெரியவை என்பதால் நீர் வேகமாக நகரும். உலர்ந்த மண் கொடுக்கும் பாதுகாப்பு அங்கே கிடையாது.

ஊர்க்கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் இலேசு, உப்புநீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். நாம் குடிப்பதும் மேலே மிதக்கும் அந்தப் படலத்தைத்தான், கழிவை இறக்குவதும் அதே படலத்தில்தான். "கிணற்றை ஆழப்படுத்தித் தப்பிக்கலாம்" என்றால் அங்கே உப்பு காத்திருக்கிறது. "குழியை ஆழப்படுத்தலாம்" என்றால் அது நிலைமையை மோசமாக்கும். கடற்கரையில் எந்தக் கழிவுநீர் வேலைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கீழே போகாதீர்கள், மேலே கட்டுங்கள்.

கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்ட வேண்டும்?

செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழிக்கும் குடிநீர் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டுமான விதி சொல்கிறது. அது நம் ஊரில் நடக்குமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று சென்ட் மனை சுமார் 1,300 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 36 அடி, அதாவது 11 மீட்டர். ஒரு மூலையில் கிணறு, நேர் எதிர் மூலையில் குழி என்று வைத்தாலும் நடுவே 16 மீட்டர்கூட வராது. வீடு கட்டுவதற்கு முன்பே விதி தோற்றுவிட்டது. நீங்கள் உங்கள் கிணற்றிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோகும் குழி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நெருங்கிப் போகிறது.

இந்தக் கணக்கை ஒரு கூட்டத்தில் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். அதுவரை "என் வீடு, என் குழி" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். நெருக்கமான கடலோரக் குடியிருப்பில் இதைத் தனி வீட்டுப் பிரச்சினையாகப் பார்த்தால் தீர்வே கிடைக்காது. தெருவாகச் சேர்ந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வாடையும் இல்லை. பயப்பட வேண்டுமா?

மணல் கலங்கலையும் வாடையையும் வடிகட்டிவிடும். நைட்ரேட்டை வடிகட்டாது. அதற்கு நிறமும் மணமும் கிடையாது. நம் உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகிறது, அதுதான் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது அதிகமானால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அது கெட்டிப்படும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். ஒரு முறை போதாது. அடைமழை முடிந்ததும் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை கொடுங்கள். மழைக்காலத்தில் குழிகளும் கிணறுகளும் ஒரே நீரில் மூழ்கி நிற்பதால் அப்போது வரும் முடிவுதான் உண்மையைச் சொல்லும்.

சரி, தனி வீட்டில் என்னதான் கட்டலாம்?

இடம் கொஞ்சம் இருந்தால் மூன்று படிகள் போதும். முதலாவது, அடி பூசிய, கசியாத இரண்டறைத் தொட்டி. இரண்டாவது, ஜல்லி நிரப்பிய ஓர் அறை. நீர் அதன் அடியிலிருந்து மேலேறி வர வேண்டும், அப்போதுதான் ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள் மிச்சக் கழிவைத் தின்ன நேரம் கிடைக்கும். மூன்றாவது, கல்வாழையோ நாணலோ நட்ட ஜல்லிப் படுகை. அதன் அடியிலும் நீர் கசியாத விரிப்புப் போட வேண்டும். நீர் ஜல்லிக்குள்ளேயே ஓடுவதால் கொசு வராது. உப்பு ஏறிய தண்ணீர் வரும் வீட்டில் கல்வாழை கருகும், நாணல் தாங்கும்.

இது முழுவதும் தரைக்கு மேலேயோ கொஞ்சமே கீழேயோ நிற்க வேண்டும். அப்படியென்றால் கழிப்பறையின் தளத்தை மூன்றடி உயர்த்த வேண்டியிருக்கும். இங்கேதான் வீட்டில் சண்டை வரும். "ஆத்தாவுக்கு முட்டிவலி, படி ஏறுவாளா?" என்பார்கள். நியாயமான கேள்வி. படிக்குப் பதிலாகச் சாய்தளமும் கைப்பிடியும் வையுங்கள். வயதானவர் ஏற முடியாத கழிப்பறையைக் கட்டினால் அவர் இருட்டில் கடற்கரைக்கே போவார்.

நீரே குறைவாக இருக்கும் ஊரில் உலர் கழிப்பறையும் உண்டு. கேரளத்தில் புல்லுவிளை என்ற மீனவ ஊரில் 1990-களில் பால் கால்வர்ட் என்ற பொறியாளர் இதைக் கட்டினார். தரைக்கு மேலே இரண்டு அறைகள். மலம் ஓர் அறையில் சாம்பலோடு சேர்ந்து காயும், சிறுநீரும் கால் கழுவும் நீரும் தனி வழியில் செடிப்படுகைக்குப் போகும். ஓர் அறை நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் காமேஸ்வரத்திலும் இந்த வகை வந்தது. நன்றாக வேலை செய்யும், ஆனால் வீட்டார் எல்லோரும் ஒழுங்காகப் பயன்படுத்தினால்தான். விருந்தாளி ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைத் தவறான துளையில் ஊற்றினால் அறை நாறிவிடும்.

தெருவாகச் சேர்ந்து கட்டினால் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஐம்பது வீடு, 250 பேர் என்று வைப்போம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். நாளுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி அளவு. நம் வெப்பத்துக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் செடிப்படுகை போதும். மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு சென்ட். புறம்போக்கில் இந்த அளவு இடம் கிடைக்காத ஊரை நான் அதிகம் பார்க்கவில்லை.

குழாய்ச் செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கெட்டிப்பொருளை வீட்டுத் தொட்டியிலேயே நிறுத்திவிட்டு, தெளிந்த நீரை மட்டும் நான்கங்குலக் குழாயில் கொண்டுபோகலாம். அடைக்கக் கனமான பொருள் எதுவும் அதில் வராததால் குழாய்க்குப் பெரிய சரிவு வேண்டாம், ஆழத் தோண்ட வேண்டாம். மணலில் நாலடிக்குக் கீழே பள்ளம் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கம் சரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்.

மோட்டார், காற்று ஊதும் கருவி எல்லாம் வைத்த நவீன சுத்திகரிப்பு நிலையம் இன்னும் நல்லதில்லையா?

சிறிய இடத்தில் நல்ல நீர் தரும். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியதை நினைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. காற்று ஊதினால்தான் உயிர்வாழும் நுண்ணுயிர்களை நம்பிய நிலையம், மின்சாரம் போனால் ஒன்றிரண்டு நாளிலேயே கெடத் தொடங்கும். ஜல்லிப் படுகைக்கு மின்சாரம் தேவையில்லை. புயல் பாதையில் இருக்கும் சிறிய ஊருக்கு நான் தயங்காமல் படுகையைத்தான் சொல்வேன்.

எங்கள் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. கழிப்பறைக்கு அதையே ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அதன் விலை தெரிந்திருக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. காற்றில்லாத தொட்டிக்குள் ஒருவகை நுண்ணுயிர் இதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு மூடியின் அடிப்பக்க ஈரத்தில் கரைந்து கந்தக அமிலமாகிக் காங்கிரீட்டை அரிக்கும். கம்பி வெளியே தெரியும்படி பொரிந்துபோன மூடிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருநாள் யாராவது குழந்தை அதன்மேல் ஏறி நிற்கும். உப்புநீர் பயன்படுத்தும் வீடுகள் சல்பேட்டைத் தாங்கும் சிமெண்டில் கட்டுங்கள், காற்றுக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள், மூடியை அடிக்கடி தட்டிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் எங்கள் ஃபைபர் டேங்க் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது. ஏன்?

அது மிதந்திருக்கிறது. கார்த்திகை மாதம் ஒரு வீட்டில் தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் தொட்டி முற்றத்தில் ஒரு முழம் எழும்பி நின்றது, குழாய்கள் ஒடிந்து கிடந்தன. 2,000 லிட்டர் வெற்றுத் தொட்டி நீரில் முழுகினால் இரண்டு டன் எடையைத் தூக்கும் விசையோடு மேலே வரும். அடியில் காங்கிரீட் பலகை போட்டுத் தொட்டியை அதோடு பிணைத்துக் கட்டுங்கள். கசடு எடுப்பதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த உடனே நல்ல தண்ணீரை நிரப்பிவிடுங்கள்.

சாணம், ஈஸ்ட், கடையில் விற்கும் பொடி போட்டால் டேங்க் நன்றாக வேலை செய்யுமா?

வேண்டாம். தேவையான நுண்ணுயிர் நம் மலத்திலேயே வருகிறது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அளவில்லாமல் ஊற்றாமல் இருந்தால் போதும்.

டேங்க் நிரம்பிவிட்டது. ஊரில் ஒருவர் குறைந்த கூலிக்கு இறங்கி அள்ளித் தருகிறேன் என்கிறார்.

அவரை இறக்காதீர்கள். எவ்வளவு அவசரமானாலும், அவரே கேட்டாலும் இறக்காதீர்கள்.

மேலே சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடினால் மூக்கு உணரும் திறனையே இழந்துவிடும். "நாற்றம் குறைந்துவிட்டது" என்று நம்பி இறங்குபவர் ஒன்றிரண்டு மூச்சிலேயே சுருண்டு விழுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க அப்பா இறங்குவார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணங்கள் விழும் செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

இப்படிப் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊராட்சி இறக்கினாலும் வீட்டுக்காரர் இறக்கினாலும் ஒன்றுதான். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கு 10 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் சாக்கடைச் சாவுகளுக்கு அதை 30 லட்சமாக்கியது. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியினரைக் குழிக்குள் அனுப்பிய பழக்கம் நம் வாசலில் தொடர நாம் இடம் கொடுக்கக் கூடாது. 14420 என்ற எண்ணுக்கு அழைத்தால் உறிஞ்சு லாரி ஏற்பாடு செய்வார்கள். சந்து குறுகல் என்றால் நீளமான குழாய் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் லாரி குழாய் எட்டும் இடத்தில் தொட்டியை வையுங்கள், மூடியை டைல்ஸ் போட்டு மறைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் கசடு இறுகாது, லாரி எளிதாக இழுத்துவிடும்.

லாரி எடுத்துப் போகும் கசடு எங்கே போகிறது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் வந்தது. கசடை மணல், ஜல்லிப் படுகைகளில் பரப்பி வெயிலில் காயவைக்கும் எளிய முறை. அதன்பின் பல ஊர்களில் வந்திருக்கின்றன. நிலையம் தூரமாக இருந்தால் டீசல் செலவுக்குப் பயந்து இரவில் சவுக்குத் தோப்பிலோ முகத்துவாரத்திலோ திறந்துவிடுகிறார்கள். ஒரு லாரிக் கசடு என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று ஆண்டுக் கழிவு. பணம் கொடுக்கும்போது, எந்த நிலையத்தில் இறக்கினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ஊராட்சி இதையே தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது.

கடல் இவ்வளவு பெரியது. நேராகக் கடலில் விட்டால் என்ன ஆகிவிடும்?

ஆழ்கடலில் விடுவது வேறு, கரையில் விடுவது வேறு. கரையோர நீர் கரையை ஒட்டியே நகரும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். நீங்கள் விட்டது சில மாதம் வடக்கு ஊருக்கு, சில மாதம் தெற்கு ஊருக்கு. அவர்கள் விட்டது உங்களுக்கு. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் எங்கும் போகாமல் கழிமுகத்திலேயே தேங்கும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அங்கேதான். மட்டியும் ஆளியும் நீரை உடலுக்குள் இழுத்து வடித்துத் தின்பவை, நீரில் இருக்கும் கிருமி அவற்றின் சதையில் சேரும். அதை அரைவேக்காட்டில் சாப்பிடுபவருக்கு மஞ்சள் காமாலை வரலாம். குடியிருப்புகளின் சுத்திகரிக்காத கழிவைக் கடலோரத்தில் விடுவதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் தடை செய்கிறது.

மீன் வெட்டும் தண்ணீரையும் இதே தொட்டியில் விடலாமா?

கூடாது. ரத்தமும் கொழுப்பும் செதிலும் கலந்த அந்த நீர் வீட்டுக் கழிவுநீரைவிடப் பல மடங்கு செறிவானது, ஜல்லியைச் சில வாரங்களிலேயே அடைத்துவிடும். ஏலக்கூடத்துக்குத் தனிச் சல்லடை, தனிக் கொழுப்புத் தொட்டி வேண்டும். செதிலையும் குடலையும் தரையைக் கழுவும் முன் வாரி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வேறு எங்காவது மணல்மேல் இருக்கும் சிறிய ஊர் இதைச் சமாளித்திருக்கிறதா?

கலிபோர்னியாவில் மோரோ விரிகுடாவின் கரையில் லாஸ் ஓசோஸ் என்று ஓர் ஊர். ஏறத்தாழ 14,000 பேர், மணல்மேடு, எல்லோர் வீட்டிலும் செப்டிக் டேங்க், குடிப்பது அடியில் இருக்கும் நீர். நைட்ரேட் ஏறியதால் 1983-இல் புதிய செப்டிக் தொட்டிகளுக்குத் தடை வந்தது, 1988-இலிருந்து புதிய வீடு கட்டுவதே நின்றது. எங்கே நிலையம் கட்டுவது, யார் பணம் கொடுப்பது என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. 2005-இல் தேர்தல் வைத்து நிர்வாகிகளில் மூவரை நீக்கி, தொடங்கிய வேலையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அந்த ஊர் அமைப்பு திவாலானது. கடைசியில் மாவட்ட நிர்வாகம் எடுத்து நடத்தி, 2016-இல்தான் நிலையம் ஓடத் தொடங்கியது. பணமும் பொறியாளரும் இருந்தும் 33 ஆண்டுகள். இடத்தைப் பற்றிய பேச்சை முதலிலேயே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சுத்திகரித்த நீரை என்ன செய்வது?

தென்னைக்கும் சவுக்குக்கும் விடுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம். மரங்களுக்குப் பாய்ச்சினால் அந்த அளவுக்குக் கிணற்று நீரை இறைப்பது குறையும், உப்பு ஏறுவதும் குறையும்.

கட்டியபின் யார் பார்த்துக்கொள்வது?

மாதச் சம்பளத்துக்கு ஒருவர். "ஊரே பார்த்துக்கொள்ளும்" என்று விட்ட படுகைகளில் ஆறு மாதத்தில் ஆடு மேய்வதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு முறை சல்லடையைக் கழுவ வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கல்வாழையை அறுக்க வேண்டும், ஜல்லிக்கு மேலே தண்ணீர் தெரிகிறதா என்று தினமும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். ஆளுக்குக் கையுறையும் காலணியும் தடுப்பூசியும் ஊராட்சி செலவில் வர வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதப் பணத்தைக் கட்டுமான வேலை தொடங்கும் முன்பே வசூலிக்க ஆரம்பியுங்கள். மூன்று மாதம் தவறாமல் வசூலானால் அதன்பின் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.